திருக்கோணமலையில் உறங்கும் அட்மிரல்

நவம்பர் 2-ஆம் நாள் மாலையில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குள் நுழைந்ததும் என் பாட்டி தம் பெற்றோரின் கல்லறைக்கு நேரே போகமாட்டார். நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் முதலில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைப்பார். அது அவருடைய தம்பிக்காக. தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட தோணி ஒன்றில் போனவர் அவர். தோணியும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அடக்கமும் இல்லை. அடக்கம் இல்லாததால் இறந்தோர் பதிவேட்டில் பெயரும் ஏறவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்கெல்லாம் அந்தச் சிலுவையடியே கல்லறை என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கடலோர ஊர்களில் அந்த இடத்தில்தான் மெழுகுதிரிகள் மிகுதியாக எரியும்.

கடலில் போனவர்களின் சுவட்டைத் தேடுவது எப்படி என்ற கேள்வி சிறு வயதில் எனக்குள் விழுந்தது அங்கேதான். அதற்கு விடை தேடிப் படித்தபோது எதிர்பாராத ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் தமிழரல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆனால் நம் கடலுக்கு அக்கரையில், திருக்கோணமலையில் அடக்கம் செய்யப்பட்டவர். சார்ல்ஸ் ஜான் ஆஸ்டின் என்பது அவர் பெயர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி.

முதலில் தேடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிரித்தானியக் கடற்படை ஆட்களைக் காத்ததைவிட ஆட்களைப் பற்றிய கணக்கைக் காத்ததில் வல்லது. ஒவ்வொரு போர்க்கப்பலிலும் ஆட்பதிவேடு ஒன்று இருந்தது. யாருக்குச் சோறு போட்டோம், யாருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. 1764 முதல் மாலுமியின் வயதும் பிறந்த ஊரும் அதில் பதியப்பட்டன. பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தில் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ இருக்கும். 'டி' என்றால் கப்பலிலிருந்து விலக்கப்பட்டவர். 'ஆர்' என்றால் ஓடிப்போனவர். 'டி டி' என்று இரண்டு முறை எழுதியிருந்தால் விலக்கப்பட்டவர், இறந்தவர் என்று பொருள். தம் முன்னோரைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டுவோர் பலர் கண்டது இந்த இரண்டு எழுத்தை மட்டுந்தான். எங்கே, எப்படி, என்ன சொல்லிக்கொண்டு இறந்தான் என்பதெல்லாம் அதில் இராது. சம்பளக் கணக்கு முடிந்தது, அவ்வளவே.

அந்த ஏட்டிலும் ஓர் இடர் உண்டு. சாதாரண மாலுமிக்குத் தனி எண் கொடுத்து அவன் பணி முழுவதையும் ஒரே தொடராக எழுதும் வழக்கம் 1853-இல்தான் வந்தது. அதற்கு முன் வாழ்ந்தவன் எந்தக் கப்பலில் இருந்தான் என்பது தெரிந்தால்தான் அவனைத் தேட முடியும்; கப்பலின் பெயர் தெரியாவிட்டால் தொலைந்தான். அதிகாரிகளின் நிலை வேறு. லெப்டினன்ட் ஆவதற்கு ஆறாண்டுக் கடற்பணியைச் சான்றுகளோடு காட்டித் தேர்வில் தேறவேண்டும். பதவி பெற்றதும் 'நேவி லிஸ்ட்' என்னும் அச்சுப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கேப்டன் வென்ட்வொர்த் விருந்துக்கு வந்திருக்கும்போது அவ்வீட்டுப் பெண்கள் இருவர் அந்தப் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு அவர் செலுத்திய கப்பல்களைத் தேடுவார்கள். நாவலாசிரியை அதைக் கற்பனையில் எழுதவில்லை. அவருடைய உடன்பிறந்தார் இருவர் கடற்படையில் இருந்தனர். பட்டியலில் தம்பியின் பெயரைத் தேடும் விரல் எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆஸ்டின் குடும்பத்தின் தந்தை ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரின் ஆங்கிலிக்கன் பங்குக் குரு. பிள்ளைகள் எட்டுப் பேர். பிரான்சிஸ் 1774-இலும், ஜேன் 1775-இலும், சார்ல்ஸ் 1779-இலும் பிறந்தனர். பிரான்சிஸும் சார்ல்ஸும் பன்னிரண்டு வயதளவில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கழகத்திற்கு அனுப்பப்பட்டனர். 1788-இல் பிரான்சிஸ் முதன்முதலாகக் கிழக்கு நோக்கிக் கப்பலேறியபோது தந்தை நீண்டதொரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வேண்டுதலை மறவாதே, மேலோரிடமும் கீழோரிடமும் பண்போடு நட, பணத்தை எண்ணிச் செலவு செய் என்ற வகையான அறிவுரைகள் அதில் உண்டு. எல்லாத் தந்தையரும் எழுதுவதுதான். ஆனால் இந்த மகன் அந்தக் கடிதத்தைத் தம் தொண்ணூற்றோராம் வயதுவரை வைத்திருந்தார். கோவிலில் முழந்தாளிடும் அதிகாரி என்றே அவரை ஊரார் குறிப்பிட்டனராம். கோவிலில் முழந்தாளிடுவது அக்காலக் கடற்படையில் அடையாளம் சொல்லத்தக்க அளவுக்கு அரிதாக இருந்தது போலும்!

சார்ல்ஸ் அண்ணனைப் போல அழுத்தமானவர் அல்லர். எளிதில் பழகுபவர், வீட்டாரின் செல்லம். 1796-இல் 'யூனிகார்ன்' கப்பலில் இருந்தபோது 'டிரிபியூன்' என்னும் பிரெஞ்சுக் கப்பலைக் கைப்பற்றிய சண்டையில் பங்குகொண்டார். மறு ஆண்டில் லெப்டினன்ட் ஆனார். பகைவர் கப்பல் பிடிபட்டால் அதன் விலையில் மாலுமிகளுக்குப் பங்கு உண்டு. 1801-இல் அவ்வாறு 30 பவுன் கிடைத்ததும் சார்ல்ஸ் செய்த முதல் வேலை, இரண்டு அக்காள்மாருக்கும் தங்கச் சங்கிலியும் புட்பராகச் சிலுவையும் வாங்கியதே. அதை அறிந்த ஜேன், பணத்தை இப்படிச் செலவழித்ததற்காக அவனை நன்றாகத் திட்டவேண்டும் என்று தமக்கைக்குக் கேலியாக எழுதினார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் கடற்படைப் பையன் வில்லியம் தன் தங்கைக்கு அம்பர்ச் சிலுவை ஒன்று கொண்டுவந்து கொடுப்பான். அதைப் பூண சங்கிலி இல்லாமல் அவள் தவிப்பாள். புட்பராகம் கதையில் அம்பர் ஆயிற்று. அந்த இரண்டு சிலுவைகளும் இன்றும் சாட்டன் ஊரில் ஜேன் வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு உள்ளன.

அதன்பின் வந்த ஆண்டுகள் அவருக்கு இனியவையாக அமையவில்லை. பெர்முடாவில் பணியாற்றியபோது 1807-இல் பானி பால்மர் என்னும் இளம்பெண்ணை மணந்தார். 1810-இல் முழுக் கேப்டனானார். தரையில் வீடு வைத்துக்கொள்ள வசதி போதாமல் மனைவியையும் குழந்தைகளையும் 'நேமூர்' என்ற கப்பலிலேயே குடிவைத்தார். 1814 செப்டம்பரில் அந்தக் கப்பலிலேயே நான்காம் பேறுகாலத்தை அடுத்துப் பானி இறந்தார். வயது இருபத்து நான்கு. குழந்தையும் சில நாள்களில் போய்விட்டது. 1816-இல் அவர் செலுத்திய 'பீனிக்ஸ்' ஸ்மிர்னாவுக்கு அருகே புயலில் கரைமோதி உடைந்தது. வழிகாட்டியின் அறியாமையே காரணம் என்று கண்டு படைநீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆயினும் அதற்குப் பின் பத்தாண்டுகள் அவருக்குக் கடலில் கப்பல் கொடுக்கப்படவில்லை. நெப்போலியன் தோற்றதால் அமைதி வந்தது. அமைதி வந்தால் கேப்டன்களுக்கு அரைச் சம்பளம். அந்த இடைவெளியில்தான் 1817 ஜூலை 18-இல் ஜேன் இறந்தார். வின்செஸ்டரில் நடந்த அடக்கத்துக்கு மற்ற மூன்று சகோதரர்கள் வந்தனர். சார்ல்ஸால் வர இயலவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக நாம் அறிவது எப்படி? சார்ல்ஸ் நாட்குறிப்பு எழுதுபவர். அவருடைய குறிப்பேடுகள் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. மனைவி இறந்த பின் அவர் எழுதிய பக்கங்களில் கப்பற்செய்தியைவிடக் கனவுகளும் கண்ணீரும் மிகுதி. குடும்பத்தாரின் தேடலுக்கும் இதில் பங்கு உண்டு. பிரான்சிஸின் பேரர் ஜான் ஹப்பக் தம் மகள் எடித்துடன் சேர்ந்து 1906-இல் 'ஜேன் ஆஸ்டினின் மாலுமிச் சகோதரர்கள்' என்ற பொருளில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பாட்டனாரின் கப்பற்குறிப்புகளையும் வீட்டுக் கடிதங்களையும் வரிசைப்படுத்தி, இரண்டு கடற்படை வாழ்வுகளை மீட்டெடுத்தனர் தந்தையும் மகளும். மேலே சொன்ன தந்தையின் கடிதமும் அந்நூலில் அச்சாகியுள்ளது. ஆனால் அதே குடும்பத்தில் மற்றொன்றும் நடந்தது. பிரான்சிஸ் பொத்திப் பாதுகாத்த ஜேனின் கடிதக் கட்டொன்றை, அவர் 1865-இல் இறந்தபின் அவருடைய மகளொருத்தி யாரையும் கேளாமல் அழித்துவிட்டார். மூத்த அக்காள் கசாண்ட்ராவோ தம் வாழ்நாளிலேயே தங்கையின் கடிதங்கள் பலவற்றை எரித்தவர். ஒரு தலைமுறை எரித்ததை மற்றொரு தலைமுறை தேடுகிறது. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? பழைய ஓலைகளைப் போகியன்று போட்டவர்கள் நாம்.

கேப்டனாயிருந்து அட்மிரலாவதற்கு அக்காலத்தில் திறமை மட்டும் போதாது. பட்டியலில் தமக்கு மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராக இறக்கவேண்டும். சார்ல்ஸ் முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார். 1830-இல் பாய்மரத்தில் நேர்ந்த விபத்தால் பணியிலிருந்து விலகினார். மீண்டும் வந்து 1840-இல் 'பெலரோபன்' கப்பலில் ஏக்கர் கோட்டை, அதாவது விவிலிய நாட்டின் பழைய தோலமாய், தாக்கப்பட்டபோது பங்குகொண்டார். 1846-இல் ரியர் அட்மிரல். 1850-இல், எழுபது வயதில், கிழக்கிந்திய-சீனக் கடற்பகுதியின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அந்தக் கடற்பகுதிக்கு உகந்த துறைமுகம் திருக்கோணமலை. 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த அந்த இயற்கைத் துறைமுகம் 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக நீடித்தது. அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு, ஜேன் இறந்த அதே 1817-இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது.

இனி அவருடைய இறுதிக்கு வருவோம். 1852-இல் இரண்டாம் பர்மியப் போர் மூண்டது. அதன் தொடக்கத்தை நியாயம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆங்கிலக் கப்பல் தலைவர் இருவருக்கு இரங்கூன் ஆளுநர் அபராதம் விதித்தார் என்பது வழக்கு. அதைப் பேசித் தீர்க்கச் சென்ற கொமடோர் லம்பர்ட், பர்மிய மன்னரின் கப்பலையே கைப்பற்றிப் போரை வருவித்தார். எளிதில் தீப்பற்றும் ஆள் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியே அவரைக் குறிப்பிட்டார். ஆயினும் போரை நிறுத்தவில்லை. இங்கிலாந்திலேயே ரிச்சர்ட் காப்டன் என்பார் 1853-இல் இப்போரைக் கண்டித்துத் தனி நூல் எழுதினார். ஏப்ரல் 14-இல் இரங்கூன் வீழ்ந்தது. ஆண்டு முடிவதற்குள் கீழைப் பர்மா கம்பெனி ஆட்சியில் சேர்ந்தது. இந்தப் போருக்குக் கடற்படைத் தலைவராயிருந்தவர் நம் சார்ல்ஸ். நல்ல மனிதர்கள் நல்லதல்லாத போர்களில் தம் கடமையைச் செய்து மடிவதை வரலாறு மிகுதியாகக் காட்டுகிறது. அவர்களை விரும்பலாம், அவர்கள் செய்த வேலையை விரும்ப வேண்டியதில்லை.

உடல்நலம் குன்றிக் கல்கத்தா சென்று சில காலம் ஓய்வெடுத்தார். ஊருக்குத் திரும்பியிருக்கலாம், வயது எழுபத்து மூன்று. திரும்பவில்லை. 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில் ஐராவதி ஆற்றின் வழியே ப்ரோம் நகரை நோக்கி மேலேறினார். 1852 அக்டோபர் 7-இல் வாந்திபேதியால் கப்பலிலேயே உயிர் பிரிந்தது. இரண்டே நாள்கள் கழித்து ஆங்கிலப் படை ப்ரோமில் இறங்கியது. நோயோடு போராடியபடியே எல்லாரிடமும் கனிவாக இருந்தார் என்றும், அவர் இறந்த செய்தி கேட்டுத் தாம் தேம்பி அழுததாகவும் அவர்கீழ்ப் பணியாற்றிய அதிகாரி ஒருவர் எழுதி வைத்தார். அட்மிரல்களுக்காகக் கீழ்ப்பட்டவர்கள் அழுததாகக் கேள்விப்படுவது அரிது.

உடல் வங்கக்கடலைக் கடந்து திருக்கோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு, எஸ்பிளனேடு கல்லறைத் தோட்டம் என்றும் புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டம் என்றும் வழங்கும் பழைய இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இலங்கை சிவில் சேவையிலிருந்த பென்றி லூயிஸ் என்பார் தீவு முழுவதுமுள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து 1913-இல் நூலாக வெளியிட்டார். காற்றிலும் உப்பிலும் கல் தேய்ந்தாலும் ஏட்டில் நிற்கட்டும் என்று அம்மனிதர் செய்த தொண்டு பெரிது. ஏட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே தோட்டத்திலேயே சான்று உண்டு. பி. பி. மோல்ஸ்வொர்த் என்பவர் அங்கே அடக்கமாகியுள்ளார். இலங்கை இரயில்வேயின் முதல் தலைவர் என்று பயணக் கையேடுகள் அவரை அறிமுகம் செய்கின்றன. உண்மையில் இரயில் பாதை அமைத்தவர் இவர் தந்தை கில்போர்ட். அவர் 1925-இல் இங்கிலாந்தில் இறந்தார். திருக்கோணமலையில் 1908 கிறிஸ்து பிறப்பு நாளில் இறந்த மகனோ, தம் தொலைநோக்கியால் வியாழக் கோளை இரவெல்லாம் நோக்கிக் குறிப்பெழுதிய வானியல் அறிஞர். தந்தையின் பெயரில் மகன் கரைந்துபோனார்.

சார்ல்ஸின் நிலை வேறு. கல்லறையில் பொறித்திருப்பது அவருடைய பதவியும், ப்ரோமுக்கு அருகே ஐராவதிப் படையெடுப்பில் இறந்த செய்தியும். அக்காளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1852-இல் அதற்கு எவரும் காரணம் காணவில்லை. வின்செஸ்டர் பேராலயத்தின் தரைக்கல்லோ ஜேனின் பண்பையும் இறைப்பற்றையும் விரிவாகச் சொல்கிறது. அவர் நாவல் எழுதினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இத்தனை பேர் வந்து இந்த அம்மையார் புதைந்த இடத்தைக் கேட்கிறார்களே, இவரிடம் அப்படி என்ன சிறப்பு என்று அப்பேராலயத்தின் பணியாளர் ஒருவரே கேட்டாராம். 1872-இல்தான் அவருடைய எழுத்தைக் குறிக்கும் பித்தளைத் தகடு சுவரில் ஏறியது. பிரான்சிஸ் கடற்படையின் மிக உயர்ந்த பதவியை எய்தி, போர்ட்ஸ்மத்துக்கு அருகே வைமரிங் கோவில் வளாகத்தில் அடங்கினார். இன்று திருக்கோணமலைக்கு வரும் வெளிநாட்டார் சார்ல்ஸின் கல்லறையைத் தேடுகிறார்கள் என்றால், அவர் அட்மிரல் என்பதற்காக அன்று. சிலுவை வாங்கிக் கொடுத்த தம்பி என்பதற்காக.

அந்தப் போரில் சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகளும் ஐராவதிக்கு அனுப்பப்பட்டன. வாந்திபேதி அட்மிரலை மட்டும் பார்த்து வரவில்லை. நம் பக்கத்துச் சிப்பாய்கள் பலர் அந்த ஆற்றங்கரையிலேயே மடிந்தனர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, கல்லைப் படியெடுக்க ஒரு பென்றி லூயிஸும் இல்லை. ஆற்றங்கரையில் இறந்த பர்மியருக்கு அதுவும் இல்லை.

இந்தக் கதைகளையெல்லாம் படித்து முடித்தபின் நான் எங்கள் பங்குக் கோவிலுக்குப் போனேன். பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று தனித்தனி ஏடுகள் வைக்கவேண்டும் என்று 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் வகுத்த ஒழுங்கு கடலோரக் கிராமத்திலும் இன்றுவரை நடக்கிறது. பங்குத்தந்தை பழைய திருமுழுக்கு ஏட்டை எடுத்துக் கொடுத்தார். செல்லரித்த தாள். பாட்டியின் தம்பி பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள் எல்லாம் மையில் தெளிவாக இருந்தன. திருமணக் குறிப்பு எழுதவேண்டிய ஓரம் வெறுமையாக இருந்தது. அந்த ஓரத்தில், 'கடலில் இறந்தார்' என்று இரண்டு சொல் எழுதலாமா, சாமி, என்று கேட்டேன்.

"எழுதலாம். ஆனால் சான்று வேண்டுமே" என்றார் அவர்.